ஒரு ஜாடிப் புளி

பெரிய மனிதர்களின் கடிதத் தொகுதிகள் பக்கம் நான் அதிகம் போவதில்லை. நூல்நிலைய அலமாரியை நிரப்புவதற்கென்றே அச்சடிக்கப்பட்டவை அவை என்று வெகுகாலமாக எனக்கு ஒரு அபிப்பிராயம். ஜார்ஜ் வாஷிங்டனுடைய கடிதங்களைத் தேடிப் போனதும் வேறு காரியமாகத்தான். எழுதிக்கொண்டிருந்த ஒரு நாவலுக்காகப் பதினெட்டாம் நூற்றாண்டுக் கப்பலில் என்னென்ன சாமான் ஏற்றுவார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி லண்டனிலிருந்து சாமான் தருவித்த பட்டியல்கள் இருக்கின்றன, பாருமேன்" என்றார் ஒரு நண்பர். பார்த்தேன். நாவல் அப்படியே நின்றுவிட்டது. மூன்று மாதம் கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தேன்.

வாஷிங்டன் என்றால் நம் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்குக் கோடாலியும் செர்ரி மரமுந்தான். அந்தக் கதை அவர் இறந்த பிறகு வீம்ஸ் என்ற பாதிரியார் கட்டிவிட்டது. டாலர் நோட்டில் உதட்டை இறுக மூடிக்கொண்டிருக்கும் முகம் இன்னொன்று. (பொய்ப்பல் கட்டியிருந்தவர் அவர். பல் கம்பியை முறுக்க ஒரு குறடு வேண்டுமென்று 1781-ல் யுத்தப் பாசறையிலிருந்து பிலடெல்பியா பல் வைத்தியருக்கு எழுதிய கடிதம், போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போகாமல் எதிரியின் கையில் சிக்கிவிட்டது.) கதையும் படமும் சேர்ந்து ஆளை மறைத்துவிட்டன. கடிதங்களில் ஆள் இருக்கிறார். பொடோமாக் நதிக்கரையில் மவுண்ட் வெர்னன் பண்ணையின் சொந்தக்காரர். புகையிலை பயிரிடுகிறவர். கடன்காரர். சட்டை அளவு சரியில்லை என்று தையற்காரனோடு மல்லுக்கு நிற்கிறவர்.

1759 ஜனவரியில் மார்த்தா கஸ்டிஸ் என்ற பணக்கார விதவையை அவர் கல்யாணம் செய்துகொண்டார். அவருக்கு அப்போது வயது இருபத்தாறு. அந்த மே மாதம் முதல் தேதியன்று லண்டன் ராபர்ட் கேரி கம்பெனிக்கு ஒரு கடிதம் போகிறது. பாதிரியார் கொடுத்த விவாகச் சான்றிதழ் இத்துடன் இருக்கிறது. காலஞ்சென்ற கஸ்டிஸ் அவர்களின் சொத்து சம்பந்தமான கடிதங்களை இனிமேல் எனக்கே எழுதுங்கள். இதுதான் அதன் சாரம். கல்யாணத்தைப் பற்றி வேறு உணர்ச்சி ஒன்றும் இல்லை. ஒரு மனிதனுக்கு ஒரே நாளில் நிலமும், லண்டனில் பற்று வரவும், சமூகத்தில் அந்தஸ்தும் வந்து சேர்ந்துவிட்டன என்பதை இந்தக் கடிதம் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறது. நாங்களெல்லாம் இதற்கு ஐம்பது பக்கம் எடுத்துக்கொள்வோம்.

கேரி கம்பெனியாரை நம் பாஷையில் கமிஷன் மண்டிக்காரர் என்று சொன்னால் எல்லாம் விளங்கிவிடும். பண்ணைக்காரர் புகையிலையைப் பெரிய பீப்பாய்களில் அடைத்துக் கப்பலில் ஏற்றிவிடுகிறார். கடலில் மூழ்கினால் அவருடைய நஷ்டம். லண்டனில் மண்டிக்காரர் அதை விற்கிறார். சுங்கம், கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ், கிடங்கு வாடகை, தம்முடைய கமிஷன் எல்லாம் கழித்துக்கொண்டு மீதியைப் பண்ணைக்காரர் பெயரில் வரவு வைக்கிறார். அந்த வரவிலிருந்து, பண்ணைக்காரர் கேட்ட சாமான்களை வாங்கி அடுத்த கப்பலில் அனுப்புகிறார். தம் புகையிலை என்ன விலைக்குப் போயிற்று என்பதும், தாம் கேட்ட நாற்காலி என்ன விலைக்கு வந்தது என்பதும் சொந்தக்காரருக்குப் பல மாதங்கள் கழித்துக் கணக்குத் தாளில்தான் தெரியும்.

என் தாய்வழிப் பாட்டனார் மிளகாய் வற்றல் மூட்டைகளை விருதுநகரில் ஒரு மண்டிக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். அவர் காலமான பிறகு, பரணில் கிடந்த தகரப் பெட்டியில், கம்பியில் குத்திய கடுதாசிக் கத்தை ஒன்று அகப்பட்டது. ஈரம் என்று கழித்தது எவ்வளவு, சாக்குக்குக் கழித்தது எவ்வளவு, மகமை எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்று மண்டிக்காரர் எழுதியவை அவை. சில கடுதாசிகளின் முதுகில் பாட்டனார் தம் பதிலை நகல் எடுத்து வைத்திருந்தார். "தங்கள் கணக்கு என் புத்திக்கு எட்டவில்லை" என்று ஒரு பதில் ஆரம்பிக்கும். கோபக்காரர், ஆனால் கடுதாசியில் கோபப்பட்டால் அடுத்த வருஷம் மூட்டை போகாது. வாஷிங்டன் கேரிக்கு எழுதிய கடிதங்களைப் படித்தபோது எனக்கு இந்தக் கத்தைதான் ஞாபகம் வந்தது. அதே அடக்கிய குரல்.

1759 செப்டம்பர் பட்டியலில் வீட்டை அலங்கரிக்க மார்பளவுச் சிலைகள் வேண்டுமென்று கேட்கிறார். மகா அலெக்ஸாண்டர், ஜூலியஸ் சீஸர், ஸ்வீடன் தேசத்துப் பன்னிரண்டாம் சார்லஸ், பிரஷ்யா ராஜா. இன்னும் இரண்டு தளபதிகள், கொஞ்சம் சின்ன அளவில். கூடவே, இரண்டு காட்டு மிருகங்கள். எல்லாவற்றுக்கும் உயரமும் அகலமும் அங்குலக் கணக்கில் குறித்திருக்கிறார். பட்டாளத்தை விட்டு வந்து ஒரு வருஷங்கூட ஆகவில்லை. பிரிட்டிஷ் ராணுவத்தில் முறையான பதவி கிடைக்காத ஏக்கம் தீராதவர். கணப்புக்கு மேலே யாரைப் பார்த்துக்கொண்டு உட்கார ஆசைப்பட்டார் பாருங்கள்! லண்டனிலிருந்து பதில் வருகிறது: அந்த அளவில் அந்த வீரர்கள் கிடைக்கவில்லை; புதிதாக அச்சு எடுத்தால் செலவு அதிகம். பதிலுக்கு ட்ராய் நகரத்திலிருந்து தகப்பனைத் தோளில் சுமந்து வரும் ஈனியாஸ் அனுப்பியிருக்கிறோம். மதுத் தேவன் பாக்கஸும் புஷ்பதேவி ஃப்ளோராவும் வருகிறார்கள். தலைகள்தான் வேண்டுமென்றால் ஹோமர், வர்ஜில், பிளேட்டோ, மில்டன், நியூட்டன் தயாராக இருக்கிறார்கள். மிருகங்கள் விஷயத்தில் குறையில்லை. இரண்டு சிங்கங்கள் வந்து சேர்ந்தன. போர்வீரனாக ஆசைப்பட்டவனுக்குக் கவிஞர்களைத் தலையில் கட்டப் பார்த்த இந்தக் கடிதப் போக்குவரத்தை எந்த ஹாஸ்ய எழுத்தாளனும் பொறாமையோடுதான் படிப்பான்.

உடுப்பு விஷயமும் அப்படியே. ஆறு அடி உயரம், பருமன் இல்லை, ஒல்லி என்றே சொல்லலாம் என்று தம்மைத் தாமே வர்ணித்து 1763-ல் லண்டன் தையற்காரருக்கு எழுதுகிறார். அந்த வர்ணனையை வைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்தறியாத ஒரு தையற்காரர் மூவாயிரம் மைலுக்கு அப்பால் கோட்டுத் தைக்கிறார். பொருந்துமா? சாமான்களைப் பற்றிய புகார் 1760-லேயே ஆரம்பித்துவிட்டது. தரம் மட்டம், விலை மட்டும் உச்சம். நம் பாட்டன்மார் காலத்தில் வழங்கிய வழக்கொழிந்த சரக்கையெல்லாம் எங்கள் தலையில் கட்டுகிறார்கள். ஏற்றுமதிக்கு என்று தெரிந்தவுடன் கடைக்காரர்கள் நூற்றுக்குப் பத்து, பதினைந்து, இருபது என்று விலையை ஏற்றிவிடுகிறார்கள். இப்படி எழுதிவிட்டு, கீழே வழக்கம்போல் 'தங்கள் தாழ்மையான சேவகன்' என்று கையெழுத்துப் போடுகிறார். அந்தக் காலத்துக் கனவான்கள் எல்லாக் கடிதங்களையும் அப்படித்தான் முடித்தார்கள். அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்தச் சேவகன் என்ற சொல்லை வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1764-ல் கடன் ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூறு பவுனுக்கு வந்து நின்றது. கேரி கம்பெனியார் பணத்துக்கு நெருக்கியிருக்க வேண்டும். ஆகஸ்டு 10-ந் தேதி வாஷிங்டன் எழுதிய பதில் இந்தத் தொகுதிகளில் மிகச் சிறந்தவற்றில் ஒன்று. மகசூல் இல்லை, பருவம் சரியில்லை, தவறு என்னுடையதல்ல என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் ஒரு இடத்தில் நிற்கிறார். சுதந்தர மனம் படைத்தவனுக்குக் கடனில் கட்டுண்டு கிடப்பது எரிச்சலான சங்கதி என்கிறார். மனசு திறந்து வந்த பேச்சு அது. தம் வாக்கை ஒருவன் நம்ப மறுத்தால் கனவானுக்கு எப்படி உறைக்கும் என்பதை அங்கே பார்க்கலாம்.

ஐந்து வருஷம் கழித்து, 1769 ஏப்ரலில், அண்டைப் பண்ணைக்காரரும் நண்பருமான ஜார்ஜ் மேசனுக்கு ஒரு கடிதம். பிரிட்டிஷ் சரக்கைப் பகிஷ்கரிக்கலாமா என்பது பேச்சு. சரித்திரப் புஸ்தகங்கள் இந்தக் கடிதத்தில், கடைசி வழியாக ஆயுதம் எடுக்கவும் தயங்கக்கூடாது என்று அவர் சொன்ன இடத்தைக் காட்டும். எனக்குப் பிடித்தது வேறு இடம். கடனில் முழுகிய பண்ணைக்காரன் செலவைச் சுருக்க நினைக்கிறான். ஆனால் திடீரென்று சுருக்கினால், ஆஸ்தி கரைந்துவிட்டது என்று ஊர் சந்தேகப்படுமே என்று பயப்படுகிறான். பகிஷ்காரம் வந்தால் அவனுக்கு ஒரு கௌரவமான சாக்குக் கிடைக்கும் என்கிறார். யாரோ ஒரு மூன்றாம் மனிதனைப் பற்றிச் சொல்வதுபோல் எழுதியிருக்கிறார். அந்த மூன்றாம் மனிதன் யார் என்று ஐந்து வருஷத்து மண்டிக் கணக்கைப் படித்த நமக்குத் தெரியும். ஒரு தேசத்தின் விடுதலைக்கு வேர் தேடுகிறவர்கள் தத்துவப் புஸ்தகங்களைப் புரட்டுகிறார்கள். புரட்டட்டும். இந்தக் கடிதத்தையும் ஒரு பக்கம் பார்க்க வேண்டும்.

சொந்தக் கடிதங்கள் எங்கே என்று கேட்பீர்கள். அவை அதிகம் இல்லை. 1799 டிசம்பரில் வாஷிங்டன் இறந்த பிறகு, தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களை மார்த்தா அம்மாள் எரித்துவிட்டார். தப்பியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1775 ஜூன் 18-ந் தேதி பிலடெல்பியாவிலிருந்து மனைவிக்கு எழுதியது அதில் ஒன்று. அந்த அம்மாளின் எழுதுமேஜையில் தங்கிப்போனது. சேனாதிபதியாக நியமித்துவிட்டார்கள், மறுக்க முடியவில்லை, உயில் எழுதி அனுப்பியிருக்கிறேன் என்று எழுதுகிறார். கனமான கடிதம். ஆனால் பின்குறிப்பைப் பாருங்கள்: மிக அழகானது என்று கடைக்காரன் சொன்ன மஸ்லின் துணி இரண்டு உடுப்புக்கு வாங்கியிருக்கிறேன், உனக்குப் பிடிக்க வேண்டுமே, உடுப்பு ஒன்றுக்கு 50 ஷில்லிங், அதாவது கெஜம் 20 ஷில்லிங். யுத்தத்துக்குப் போகிறவன் கெஜக் கணக்குச் சொல்லிவிட்டுப் போகிறான். நான் படித்த கணவன் மனைவிக் கடிதங்களில் இதைவிட அன்பான பின்குறிப்பு ஞாபகத்துக்கு வரவில்லை.

ஸாலி ஃபேர்ஃபாக்ஸ் என்ற நண்பரின் மனைவிக்கு, மார்த்தாவோடு கல்யாணம் நிச்சயமான சமயத்தில், 1758 செப்டம்பரில் எழுதிய கடிதத்தைப் பற்றி அமெரிக்கர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். காதல் வசப்பட்டிருக்கிறேன், அந்த மாது உங்களுக்குத் தெரிந்தவர்தான் என்கிற தினுசில் சுற்றி வளைக்கிற கடிதம். இளைஞனின் கடிதம், நாடகம் பார்த்துக் கற்றுக்கொண்ட பாஷை. நாற்பது வருஷத்துக்குப் பிறகு, 1798-ல், இங்கிலாந்தில் விதவையாக இருந்த அந்த அம்மாளுக்கு அவர் எழுதியது இதைவிட நல்ல கடிதம். இத்தனை சம்பவங்களும் சேர்ந்தும் உங்களோடு கழித்த இன்பமான நேரங்களை மனத்திலிருந்து அழிக்க முடியவில்லை என்று நேராகச் சொல்லிவிடுகிறார். ஒரு மனிதன் எழுதக் கற்றுக்கொள்ள நாற்பது வருஷம் ஆகும்போலிருக்கிறது.

பதிப்பாசிரியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1830-களில் ஜேரட் ஸ்பார்க்ஸ் என்பவர் பன்னிரண்டு தொகுதிகள் வெளியிட்டார். மகான் கொச்சையாகப் பேசலாமா என்று எழுத்துப் பிழையைத் திருத்தினார், வார்த்தையை மாற்றினார், பிடிக்காததை வெட்டினார். தெள்ளுப்பூச்சிக் கடி என்று வாஷிங்டன் எழுதிய இடம், கொஞ்சமும் போதாத தொகை என்று கௌரவமாக மாறிவிட்டது. அதோடு விட்டாரா? ஜனாதிபதியின் முதல் பிரசங்கத்துக்கென்று எழுதிக் கைவிட்ட நகல் ஒன்றைக் கத்தரித்து, கையெழுத்துச் சேகரிக்கிற சிநேகிதர்களுக்குத் துண்டு துண்டாக விநியோகித்தும் விட்டார்! ஆனால் வாஷிங்டனும் லேசுப்பட்டவர் அல்ல. இளமையில் எழுதிய யுத்தக் கடிதங்களின் நகல் புஸ்தகத்தை 1780-களில் எடுத்து வைத்துக்கொண்டு, தாமே திருத்தினார். சுதந்தரப் போர்க் காலத்துக் கடிதங்களைப் படியெடுக்க ஒரு காரியதரிசியையும் எழுத்தர்களையும் நியமித்தார்; 44 தொகுதிகள் வந்தன. நாளைக்கு நம்மைப் படிப்பார்கள் என்று தெரிந்த மனிதர். ஜெஃபர்ஸன் இதில் இன்னும் கெட்டிக்காரர். எழுதும்போதே இரண்டாவது பேனா நகல் எடுக்கிற யந்திரம் வைத்திருந்தார். ஜெஃபர்ஸன் எழுத்து அழகு. படிக்கப் படிக்க, அவர் நம் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, நாம் எப்படி ரசிக்கிறோம் என்று பார்ப்பது போலிருக்கும். எனக்கு அது ஒத்துக்கொள்வதில்லை.

சாமான் கடிதங்களை யாரும் திருத்துவதில்லை. சரித்திரம் படிக்கப் போகிறது என்று நினைத்து யாரும் எலுமிச்சம்பழம் கேட்பதில்லை. அதனால்தான் நான் அவற்றை முதலில் நம்புகிறேன். அந்த நம்பிக்கையோடு வந்தவன்தான் 1766 ஜூலை 2-ந் தேதிக் கடிதத்தில் இடறி விழுந்தேன்.

மேற்கிந்தியத் தீவுகளுக்குப் புறப்படும் கப்பல் ஒன்றின் தலைவருக்கு எழுதியது. அரைப்பக்கக் கடிதம். ஒரு சாமான் பட்டியல் அதில் இருக்கிறது. முதல்தர வெல்லப்பாகு ஒரு பெரிய பீப்பாய். முதல்தர ரம் ஒரு பெரிய பீப்பாய். நல்லதாகவும் மலிவாகவும் கிடைத்தால் எலுமிச்சை ஒரு பீப்பாய். ஏறக்குறைய பத்து ராத்தல் புளி, ஒரு ஜாடி. கலப்பு மிட்டாய் ஐந்து ஐந்து ராத்தலாக இரண்டு சின்ன ஜாடி. மிச்சப் பணத்துக்குப் பழைய சாராயம்.

புளி என்றதும் தமிழனுக்குக் கண் நிற்காமல் போகுமா? எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அரபு வியாபாரிகள் இந்தியாவின் பேரீச்சை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆங்கிலப் பெயர் அதிலிருந்து வந்தது. மரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்கிறார்கள் தாவர நூல்காரர்கள். அந்தத் தீவுகளில் வளர்ந்த புளியைச் சர்க்கரைப் பாகு ஊற்றி ஜாடியில் அடைத்து விற்பார்கள். ஜுரத்துக்குக் கரைத்துக் குடிப்பார்கள். வாஷிங்டன் வீட்டில் புளி! வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். அப்புறந்தான் கடிதத்தை மேலேயிருந்து ஒழுங்காகப் படித்தேன்.

இந்தக் கடிதத்தோடு டாம் என்ற நீக்ரோ வருகிறான். நீங்கள் போகிற ஏதாவது ஒரு தீவில் அவனை வந்த விலைக்கு விற்று, அந்தப் பணத்துக்கு எனக்குக் கீழ்க்கண்டவற்றை வாங்கி வாருங்கள். பட்டியல் அதற்குப் பிறகுதான் வருகிறது. புளி, டாமின் விலை.

மேலும் எழுதுகிறார். அவன் போக்கிரி, ஓடிப்போகிறவன் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் முதலாவதில் அப்படியொன்றும் பெயரெடுத்தவன் அல்ல, இரண்டாவதும் சமீபகாலமாகத்தான். நல்ல ஆரோக்கியம், பலசாலி, மண்வெட்டி வேலையில் கெட்டிக்காரன், அக்கம்பக்கத்தில் எல்லாரும் சாட்சி சொல்வார்கள். வேலையாட்களுக்குத் தலையாளாக இருந்தவன். விற்கும்போது கொஞ்சம் சுத்தப்படுத்தி, ஒழுங்கு செய்து நிறுத்தினால் நல்ல விலை போவான். கடலுக்குள் போகும்வரை கையில் விலங்கு இருக்கட்டும். இப்படிக்குத் தங்கள் மிகத் தாழ்மையான சேவகன்.

இதைத் தமிழில் சொல்ல ஆரம்பித்ததும் எனக்கு ஒரு சங்கடம் வந்தது. ஆங்கிலத்தில் அவன், அவர் என்ற பேதம் கிடையாது. தமிழில் ஏதாவது ஒன்றை எழுதித்தான் ஆகவேண்டும். கடிதத்தின் சாரத்தைச் சொன்ன இடத்தில் அவன் என்று எழுதினேன்; எழுதியவருடைய பார்வை அது. இனி நான் பேசும்போது அவர் என்றே சொல்லப் போகிறேன். ஒரு பண்ணையில் தலையாளாக இருந்தவரை நம் ஊரிலும் அடுத்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

கொடுமையான கடிதம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். நான் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதோடு தீரவில்லை. இதில் கோபமே இல்லை. வசவு இல்லை. பார்க்கப்போனால் இது ஒரு நாணயமான வியாபாரியின் கடிதம்! சரக்கில் உள்ள குறையை மறைக்காமல் சொல்லி, அந்தக் குறையையும் மிகைப்படுத்தாமல் தராசில் நிறுத்துகிறார். லண்டன் கடைக்காரர்கள் தமக்குச் செய்யாத நியாயத்தை இவர் கப்பல் தலைவருக்குச் செய்கிறார். எலுமிச்சை மலிவாக இருந்தால் மட்டும் வாங்கு என்கிற அதே ஜாக்கிரதை. மஸ்லின் கெஜம் 20 ஷில்லிங் என்று எழுதிய அதே கை. அன்பான கையும் இதுவும் வேறு வேறு என்று பிரிக்க எனக்கு வழி தெரியவில்லை. சுதந்தர மனத்துக்குக் கடன் எரிச்சல் தருகிறது என்று எழுதி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

'சமீபகாலமாக' என்கிறாரே, அங்கேதான் நான் நின்றுவிட்டேன். டாம் பல வருஷம் ஓடவில்லை. தலையாளாக இருந்தார். பொறுப்புக் கொடுத்திருக்கிறார்கள், நம்பியிருக்கிறார்கள். அப்புறம் ஓட ஆரம்பித்தார். ஏன்? என்ன நடந்தது? யாரையாவது விற்றார்களா? யாராவது செத்துப்போனார்களா? ஒன்றும் நடக்காமலே ஒருநாள் காலை மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டாரா? இந்த ஒரு சொல்லுக்குள் ஒரு நாவல் முழுசாக மூடிக் கிடக்கிறது. எழுதியவருக்கு அதைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. விலையைப் பாதிக்கிற அளவுக்கு மட்டுமே அவருக்கு அது விஷயம். டாமுடைய கடிதம் எதுவும் தொகுதிகளில் இல்லை. அவரைப் பற்றிய வர்ணனை, அவரை விற்கிறவர் எழுதிய இந்தச் சிபாரிசுதான்.

அந்தக் காலத்து மனிதர், அவருக்கு எப்படித் தெரியும் என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. தெரியும். 1774 ஆகஸ்டில் பிரையன் ஃபேர்ஃபாக்ஸ் என்ற நண்பருக்கு எழுதுகிறார்: நாம் இப்போது உரிமையை நிலைநாட்டாவிட்டால், நாம் இஷ்டம்போல் ஆட்டிவைக்கிறோமே அந்தக் கறுப்பர்கள், அவர்களைப் போலவே நாமும் சாதுவான அடிமைகளாகிவிடுவோம். பிரிட்டிஷார் செய்வது அநியாயம் என்று எப்படித் தெரிந்தது என்றால், தாங்கள் பண்ணையில் செய்வதைப் பார்த்துத் தெரிந்திருக்கிறது. அளவுகோல் வீட்டிலேயே இருந்தது. இந்த வாக்கியத்தை எழுதி மையொற்றி, மடித்து அரக்கு முத்திரை வைத்த கையைப் பற்றி நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

ஜனாதிபதியான பிறகும் பண்ணைக் கடிதங்கள் நிற்கவில்லை. பிலடெல்பியாவிலிருந்து வாராவாரம் காரியஸ்தருக்கு நீண்ட கடிதம். அங்கிருந்து வாராந்தர அறிக்கை. உரம், வேலி, கலப்பை, விதை. 1792 டிசம்பரில், தையல் வேலை செய்யும் அடிமைப் பெண்கள் வாரத்துக்கு ஆறு சட்டைதான் தைக்கிறார்கள், காரலைன் ஐந்துதான் தைத்திருக்கிறாள், மிஸஸ் வாஷிங்டன் வீட்டில் இருந்தபோது ஒன்பது தைத்தார்களே என்று எழுதுகிறார். ஒரு குடியரசை நடத்துகிற மனிதர், வாரக் கணக்கில் குறைந்துபோன மூன்று சட்டைகளைக் கண்டுபிடிக்கிறார். இந்தக் கடிதங்களில் பெரும்பாலானவை அலுப்பூட்டுகிறவை, தாண்டிப் போகலாம்.

தாண்டக் கூடாதவை ஓனா ஜட்ஜ் சம்பந்தமானவை. 1796 மே மாதம், எஜமானர் வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், மார்த்தா அம்மாளின் அந்தரங்க வேலைக்காரியான இந்த இளம்பெண் பிலடெல்பியா ஜனாதிபதி மாளிகையை விட்டு வெளியேறிக் கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயருக்குப் போய்விட்டார். செப்டம்பரில் ஜனாதிபதி தம் நிதி மந்திரிக்கு எழுதுகிறார்: வேலைக்காரி போலவா நடத்தினோம், குழந்தை போலல்லவா வளர்த்தோம், எவனோ ஒரு பிரெஞ்சுக்காரன் மயக்கியிருக்க வேண்டும், பிடித்து அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். துறைமுகச் சுங்க அதிகாரி விப்பிள் என்பவர் அந்தப் பெண்ணைப் பார்த்துப் பேசினார். பிரெஞ்சுக்காரனும் இல்லை, ஒருவனும் இல்லை. சுதந்தர தாகந்தான் என்று எழுதினார். எஜமானரும் எஜமானியும் இறந்த பிறகு விடுதலை என்று வாக்குக் கொடுத்தால் திரும்பி வரச் சம்மதம் என்றும் தெரிவித்தார்.

நவம்பர் 28-ந் தேதி வாஷிங்டன் விப்பிளுக்கு எழுதிய பதிலை நான் பல தடவை படித்துவிட்டேன். அடிமைத்தனம் படிப்படியாக ஒழிவதில், அடியோடு ஒழிவதில்கூட, எனக்கு விருப்பம் இருக்கலாம். ஆனால் இப்படியொரு பேரத்துக்கு இணங்கினால் விசுவாசமில்லாதவளுக்குப் பரிசு கொடுத்ததாகும். விசுவாசமாக இருக்கிற மற்றவர்களின் மனம் கெட்டுப்போகும். பிடித்து அனுப்பப் போய்க் கலகம் கிளம்பும் என்றால் வேண்டாம். நியாயம் எவ்வளவு ஒழுங்காக அடுக்கியிருக்கிறது! அவருடைய வசனநடை முதிர்ந்து கனிந்துவிட்டது. ஒரு சொல்லை எடுக்க முடியாது. நல்ல நடை நல்ல மனத்திலிருந்து வருகிறது என்று இளமையில் நான் எங்கேயோ எழுதியிருக்கிறேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஓனா ஜட்ஜ் பிடிபடவில்லை. கல்யாணம் செய்துகொண்டார், எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார், 1848 வரை உயிரோடு இருந்தார். கடைசிக் காலத்தில் அடிமை ஒழிப்புக்காரர்களின் பத்திரிகைகளுக்கு இரண்டு தடவை பேட்டி கொடுத்தார். மார்த்தா அம்மாளின் பேத்திக்குத் தம்மைக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கிளம்பியதாகச் சொன்னார். அவர்கள் வர்ஜீனியா போக மூட்டை கட்டினார்கள், நானும் போக மூட்டை கட்டினேன், எங்கே போகிறேன் என்று எனக்குத் தெரியாது என்று அவர் சொன்ன தோரணையில் ஒரு நல்ல கதைசொல்லி இருக்கிறார். டாமுக்குக் கிடைக்காத இரண்டு பத்தி இவருக்குக் கிடைத்தது.

வாஷிங்டன் 1799-ல் தம் கைப்பட எழுதிய உயிலில், தமக்குச் சொந்தமான 123 அடிமைகளுக்கு மனைவியின் காலத்துக்குப் பிறகு விடுதலை கொடுத்தார். கஸ்டிஸ் சொத்தாக வந்தவர்களை விடுவிக்க அவருக்குச் சட்டப்படி அதிகாரமில்லை. உயிலைப் பாராட்டவேண்டும்; அந்த வட்டாரத்துக் கனவான்களில் மிகப் பலர் அதுவும் செய்யவில்லை. அதைக் காட்டிக் கடிதத்தைத் துடைக்கப் பார்க்கிறவர்களோடு மட்டும் எனக்குச் சம்மதமில்லை. டாம் தீவுக்குப் போய் 33 வருஷம் ஆகிவிட்டது.

இத்தனையும் படிக்க வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்கு என் யோசனை இது. 1931 முதல் 1944 வரை வந்த பதிப்பு 39 தொகுதி. வர்ஜீனியா சர்வகலாசாலையார் 1968-ல் தொடங்கிய பதிப்பு அதைவிடப் பெரிது. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் 2013-லிருந்து இணையத்தில் எல்லாரும் காசில்லாமல் படிக்கும்படி வைத்திருக்கிறது. யுத்தத் தொகுதிகளைச் சரித்திரக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள். 1759 மே மாதத்தில் ஆரம்பித்து வரிசையாக வாருங்கள். நேரே டாமிடம் போக வேண்டாம். சிங்கங்கள் வந்து இறங்கட்டும். கோட்டுப் பொருந்தாமல் இருக்கட்டும். மண்டிக்காரனிடம் அவர் ஏமாறுகிறபோது அவருக்காக நீங்களும் கொஞ்சம் ஆத்திரப்படுங்கள். கடன் கடிதத்தில் அந்த மனிதரை உங்களுக்குப் பிடித்துப்போகும், எனக்குப் பிடித்தது. அதற்கப்புறம் 1766 ஜூலைக்கு வந்தால் போதும்.